குரங்கைச் சொல்லிக் காத்த கிணறு

1

தபால்காரர் விட்டுச் சென்ற சீட்டில், இந்தியாவிலிருந்து என் பெயருக்கு வந்த பொட்டலத்தில் 'அடையாளம் தெரியாத ஆரஞ்சு நிறத் தூள்' இருப்பதாகவும், நான் நேரில் வந்து விளக்கம் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. போனேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சுங்க அலுவலர் என் மகளைவிடச் சில வயதே மூத்தவராக இருப்பார். கையுறை போட்ட விரலால் பொட்டலத்தைத் தொட்டார்.

"இது என்ன?"

"செந்தூரம். நெற்றியில் வைத்துக்கொள்வது."

"மருந்தா?"

"இல்லை. கோயிலில் கொடுப்பது."

"எந்தக் கோயில்?"

"ஒரு குரங்கின் சமாதி."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, "விலங்குப் பொருள் ஏதாவது கலந்திருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குத் தனியாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். கடைசியில் 'மதப் பொருள், விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்தித் தந்தார். இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் உள்ளே கொண்டுவரலாம், எந்தத் தலைப்பின்கீழ் என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

கார்த்திகை மாதம் முடியும்போது வருஷம் தவறாமல் இந்தப் பொட்டலம் வரும். அனுப்புகிறவர் என் மனைவி சரோஜாவின் அண்ணன் கன்னியப்பன். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில், ஒரு சிறு பாறைக் குன்றின் அடியில் அவர் ஊர். நான் அப்போது திருவண்ணாமலையில் ஒரு தினசரிக்குத் தாலுகா நிருபராக இருந்தேன். சரோஜா நர்சு. அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவளோடு எனக்கு விசா கிடைத்தது. இப்போது இந்தச் சிறிய ஊரின் வாரப் பத்திரிகையில் வரி விளம்பரம் வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காணாமல் போன பூனை, விற்பனைக்குச் சைக்கிள், மரண அறிவிப்பு. சேர்ந்த புதிதில் ஒரு விதவையிடம், நம் ஊர் வழக்கப்படி, "உங்கள் கணவர் எப்போது எக்ஸ்பயர் ஆனார்?" என்று கேட்டுவிட்டேன். அந்தச் சொல் இங்கே பால் பாட்டிலுக்கும் பஸ் பாஸுக்கும் மட்டும் உரியது என்பதை அந்த அம்மாள்தான் கண்ணீருக்கு நடுவே சிரித்துக்கொண்டே சொன்னார்.

2

பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தபோது கூடத்துத் தரையில் ஓர் அட்டையை விரித்துப் போட்டு என் மகள் தேன்மொழி வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பெரிய காதுகள் கொண்ட ஒரு நாய். அதன் கீழே ஆங்கிலத்தில், 'நான் சோதனைக்குழாய் அல்ல.'

எங்கள் ஊர் எல்லையில் ஒரு பழைய கோழிப்பண்ணை இருக்கிறது. அதை ஒரு கம்பெனி வாங்கி, ஆய்வுக்கூடங்களுக்காக நாய் வளர்க்கும் பண்ணையாக மாற்ற நகராட்சியிடம் அனுமதி கேட்டிருந்தது. பீகிள் என்ற இன நாய். கடிக்காது, யாரையும் நம்பும் என்பதால் அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதாம்.

தேன்மொழிக்குப் பதினாறு வயது. பள்ளியில் 'டென்' என்று கூப்பிடுகிறார்கள். தமிழை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாடப்புத்தகம் வைத்துக் கற்றவள். அதனால் வானொலியில் செய்தி வாசிப்பவர்போலத்தான் பேசுவாள்.

"அப்பா, இன்று முதல் நான் இறைச்சி உண்ணப்போவதில்லை."

"சரிம்மா. அம்மாகிட்ட சொல்லு."

"நீங்கள் சனிக்கிழமை கூட்டத்திற்கு வருகிறீர்களா? நம் நாட்டில் விலங்குகளை வணங்குகிறார்கள் என்று திருமதி ஹார்ட்லியிடம் கூறியிருக்கிறேன்."

சமையலறையிலிருந்து சரோஜாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எங்க அண்ணன் வணங்கின கதய அவகிட்ட சொல்லுங்களேன்" என்றாள்.

சொல்லவேண்டிய கதைதான். தூள் பொட்டலமும் நாய்ப் படமும் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்தபிறகு சொல்லாமல் இருக்க முடியாது.

3

எழுபதுகளின் கடைசி. எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். கன்னியப்பன் நிலத்தில் அதைத் தவிர வேறெதுவும் அவ்வளவு நன்றாக விளைந்ததில்லை. குன்றில் இருந்த குரங்குகளுக்கும் அது தெரியும். செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காயை உரித்து, பருப்பு முற்றாமல் இருந்தால் எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். காவல் இருப்பதற்காகக் கன்னியப்பன் தீபாவளி முடிந்ததும் திருவண்ணாமலைக் கடைகளில் மிஞ்சிய வெடிகளைக் கம்மி விலைக்கு வாங்கி வைத்திருப்பார். பெட்டியில் அணுகுண்டு என்று பெயர் போட்டிருக்கும். காலையில் பல் விளக்கும் முன் ஒன்று, வெயில் தாழ்ந்ததும் ஒன்று. குரங்குகளைப் பற்றி அவர் சொன்னவற்றில் அச்சில் போடக்கூடியது மிகக் குறைவு.

அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்த தரிசில், சென்னைக் கம்பெனி ஒன்று வேலி போட ஆரம்பித்தது. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பக் குரங்குப் பண்ணை வைக்கப்போகிறார்கள் என்று நான்தான் போய் அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும்.

"நெசமாவா மாப்ள? கொரங்கப் புடிச்சி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்களா? நம்ம கொல்லையில இருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்க. புடிக்கறதுக்கு நான் ஆள் வுடறேன்."

பண்ணையின் மேனேஜர் மடிப்புக் கலையாத பேன்ட் போட்டவர். கிராமத்து ஆட்களை மரத்தடியில் கூட்டி விளக்கம் சொன்னார். "யாரும் பயப்பட வேணாம். உங்க ஊர்க் குரங்கு ஒண்ணைக்கூட நாங்க தொடமாட்டோம். வெளியிலிருந்து ஆரோக்கியமான குரங்கா கொண்டுவந்து, இங்க கூண்டுல வச்சு இனப்பெருக்கம் பண்ணுவோம்."

கன்னியப்பன் எழுந்து நின்றார். "இருக்கற கொரங்கு பத்தலன்னு எறக்குமதி வேறயா?"

கூட்டம் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். அன்றைக்கு எதிர்ப்பு என்று ஒன்றும் இல்லை. எனக்குச் செய்தியும் இல்லை.

எதிர்ப்பு தொடங்கியது ரிக் வண்டி வந்தபோது. கூண்டுகளைக் கழுவவும் குரங்குகள் குடிக்கவும் தண்ணீர் வேண்டும் என்று பண்ணைக்குள் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். கன்னியப்பனின் கிணற்றுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வேலிதான். ஊரில் கோடையிலும் வற்றாத கிணறு அது ஒன்றுதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் குடிதண்ணீருக்கு அங்கேதான் வருவார்கள். அவர் கல்யாணம் பண்ணியது, சரோஜாவை நர்சு படிக்க வைத்தது எல்லாம் அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான். பண்ணையில் மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு, அவருடைய பம்பு கொஞ்ச நேரத்திலேயே காற்றை இழுத்துச் சத்தம் போட ஆரம்பித்தது.

"இன்னும் ஒரு கூண்டுகூட வரல. அதுக்குள்ள ஒரு பாத்திகூடப் பாய மாட்டேங்குது" என்றார். "கொரங்கு வந்து குடிக்க ஆரம்பிச்சா நான் என்னத்தக் குடிக்கறது?"

4

தேன்மொழி என்னைச் சனிக்கிழமை கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். தேவாலயத்துப் பின்கூடம், தகரப் பாத்திரத்தில் தேநீர், வீட்டில் செய்த கேக். திருமதி ஹார்ட்லி ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை. எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவி. காலடியில் அவருடைய சொந்த நாய் படுத்திருந்தது.

தேன்மொழி தன் அட்டையோடு எழுந்து, நாய்கள் படும் துன்பத்தைப் பற்றி எழுதி வைத்திருந்ததை வாசித்தாள். நன்றாக வாசித்தாள். கூட்டம் கை தட்டியது. திருமதி ஹார்ட்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அருமை, கண்ணே. இதில் ஒரு வரியைக்கூட நாம் நகராட்சிக்கு எழுதக்கூடாது."

"ஏன்?"

"நாய்க்கு வலிக்கும் என்பது கட்டட அனுமதி தொடர்பான காரணம் இல்லை. அப்படி எழுதினால் கோப்பில் வைத்து மூடிவிடுவார்கள். அவர்கள் காது கொடுப்பது நான்கு விஷயங்களுக்குத்தான்: போக்குவரத்து, சத்தம், நாற்றம், சாக்கடை."

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு பொருளைப் பிரித்துக் கொடுத்தார். கசாப்புக் கடைக்காரருக்கு நாற்றம். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிக்குச் சத்தம். தேன்மொழிக்கு லாரி. பண்ணைக்குப் போகும் ஒற்றைத் தடச் சாலையில் ஒரு பழைய பாலம் இருக்கிறது. அதில் எதிரெதிரே இரண்டு லாரி போகமுடியாது என்பதைப் படம் வரைந்து காட்டவேண்டியது அவள் பொறுப்பு.

வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது அவள் கேட்டாள்: "அப்பா, இவர்கள் அனைவரும் நாய்களுக்காகவே வந்தனர். ஆயினும் நாயைப் பற்றிப் பேசக்கூடாது. இது பொய் அல்லவா?"

"பாலம் குறுகலா இல்லையா?"

"குறுகல்தான்."

"அப்ப பொய் இல்ல" என்றேன். நிருபர் வேலையில் கற்றுக்கொண்ட பதில் அது.

5

அந்தக் காலத்தில் கலெக்டர் இருந்தது வேலூரில். இன்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலேயே கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது என்கிறார்கள். அன்று அது ஏரியும் வயலும். ஆகவே மனு கொடுக்க வேலூர் பஸ் ஏறவேண்டும். கன்னியப்பனோடு நானும் போனேன்.

முதல் மேஜையில் கேட்டார்கள்: "குரங்குப் பண்ணையா? அப்ப கால்நடைத் துறை." கால்நடைத் துறையில், "குரங்கு கால்நடை இல்லீங்க. காட்டிலாகாவப் பாருங்க." காட்டிலாகாவில், "காட்டுல இருந்தா எங்க குரங்கு. கூண்டுல இருந்தா தொழில் துறை." தொழில் துறையில் ஒருவர் மனுவை முழுதாகப் படித்தார். "இதுல கிணறுன்னுதான எழுதியிருக்கு? குரங்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பொதுப்பணித் துறைக்குப் போங்க." பொதுப்பணித் துறையில், "அவங்க நிலத்துல அவங்க போர் போடறாங்க. உங்க நிலத்துல நீங்களும் போடுங்க. யார் வேணாங்கறது?"

திரும்பி வரும் பஸ்ஸில் கன்னியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நம்ம கிணத்துக்குன்னு ஒரு ஆபீசு இல்லியே மாப்ள" என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. கிணறு வற்றுவதைப் பற்றி விவரமாக ஒரு செய்தி அனுப்பினேன். வரவில்லை. டெலிபோனில் கேட்டதற்கு, உதவி ஆசிரியர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார்: "கிணறு வத்தறது நியூஸாய்யா? வத்தின கிணத்துல தண்ணி வந்தா எழுது."

இதற்கிடையில் ஆசிரமப் பக்கம், செங்கம் சாலையில் வாடகை அறையில் தங்கியிருந்த ஹெல்கா என்ற ஜெர்மன் பெண்மணி சைக்கிளில் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு, கொஞ்சம் தமிழ். குரங்குகளை ஆய்வுக்கூடங்களில் என்ன செய்வார்கள் என்பதை விளக்கினார். பெண்கள் முகத்தைச் சுளித்துக் கேட்டார்கள்.

"குரங்குக்கும் வலி இருக்கு, ஐயா" என்றார் கன்னியப்பனிடம்.

"இருக்கட்டும்மா. இல்லன்னு யாரு சொன்னது? எனக்குக் கிணத்துல தண்ணி இல்ல. அதான் பிரச்ன."

"நீங்க குரங்கைக் காப்பாத்தணும்."

"நானா?" என்றார் கன்னியப்பன். அவர் சட்டைப் பையில் அப்போதும் ஒரு வெடி இருந்தது.

ஆனாலும் ஹெல்கா ஆங்கிலத்தில் அனுப்பிய மனுவுக்குச் சீக்கிரமே ஒப்புகைக் கடிதம் வந்தது. கிணற்று மனுவுக்கு வரவே இல்லை. கன்னியப்பன் அந்தக் கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்த மனுவுக்குப் பதில் வருகிறது என்பது புரிந்தது.

6

தீபத்துக்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் ஆள் அனுப்பியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேட்டில் கூட்டம். நடுவில் ஒரு பெரிய குரங்கு செத்துக் கிடந்தது. பண்ணைக்குப் புதிதாக இழுத்த மின்கம்பியும் கன்னியப்பனின் பம்புக்கு வரும் பழைய கம்பியும் ஒரே கம்பத்தில்தான் இருந்தன. எந்தக் கம்பியைத் தொட்டது என்று யாரும் பார்க்கவில்லை. கம்பத்திலிருந்து நேராகக் கிணற்றடியில் விழுந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் குரங்கு செத்தால் குப்பையில் போடமாட்டார்கள். குளிப்பாட்டி, மாலை போட்டு, மேளம் வைத்து, விழுந்த இடத்திலேயே புதைப்பார்கள். மேலே ஒரு கல் நிற்கும். கல்லுக்குச் செந்தூரம் பூசுவார்கள். அப்புறம் கூரை வரும், மணி வரும். அந்த இடம் அதன்பிறகு யாருடைய பட்டாவிலும் இருந்து பயனில்லை. உயிரோடு இருக்கும்போது கல்லெறிந்தவர்களும் இதில் குறை வைக்கமாட்டார்கள்.

ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். கன்னியப்பன் என்னைத் தனியே இழுத்தார்.

"இங்க பொதச்சா என் கிணறு கோயில் கிணறாயிடும் மாப்ள. கம்பெனிக்காரனாவது கொஞ்சம் வுட்டு வச்சான். சாமிகிட்ட யாரு கேஸ் போடறது?"

பிறகு கூட்டத்துக்குள் போனார். குரங்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உரக்கக் கேட்டார்:

"சாமி எந்தப் பக்கம் பாத்துட்டு விழுந்திருக்கு, பாத்தீங்களா?"

எல்லோரும் பார்த்தார்கள்.

"மூஞ்சி பண்ண வாசப் பக்கம் இருக்கு. அங்க போவத்தான் கெளம்பியிருக்கு. நம்ம ஜாதி சனத்தக் கூண்டுல போட வரானேன்னு கேக்கப் போயிருக்கு. வழியிலயே உயிரு போயிடுச்சி. அது போவணும்னு நெனச்ச எடத்துல கொண்டுபோய்ச் சேக்கறதா, இங்கியே மடக்கிப் போடறதா? நீங்களே சொல்லுங்க."

பெரியவர் ஒருவர் தயங்கினார். "காலு கிணத்துப் பக்கம் இருக்கேப்பா."

"காலு இருக்கற பக்கமாவா மனுசன் போவான்? மூஞ்சி இருக்கற பக்கமாப் போவானா?"

பெரியவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். மேளத்துக்கு ஆள் போயிற்று. புது வேட்டி வந்தது. பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். அப்போது கன்னியப்பனின் மனைவி பச்சையம்மாள் நிமிர்ந்து, "ஏங்க, இது பொட்டைங்க" என்றார்.

மேளக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஆஞ்சநேயர்னு ஊரெல்லாம் சொல்லியாச்சி. வேட்டியும் வாங்கியாச்சி" என்றார் கன்னியப்பன் தாழ்ந்த குரலில். "நீ கட்டுடி."

கட்டினார்கள்.

7

பண்ணையின் இரும்பு வாசலுக்கு நேர் எதிரே, லாரி திரும்பி உள்ளே போகவேண்டிய புறம்போக்கில் குழி தோண்டிப் புதைத்தார்கள். காவல்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். மேனேஜர் சென்னையில் இருந்தார். அவர் தந்தி மேல் தந்தி கொடுத்தார். ஆனால் தாலுகாவில் தந்தியைப் படிக்க ஆள் இல்லை. தாசில்தாரிலிருந்து தலையாரிவரை எல்லோரும் தீபக் கூட்டத்துக்காகத் திருவண்ணாமலை வீதிகளில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். போலீசும் அங்கேதான். தீபம் முடிந்து, கூட்டம் கலைந்து, தாசில்தார் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது சுற்றிச் சுவர் எழும்பி, மேலே தகரக் கூரையும் ஒரு வெண்கல மணியும் வந்திருந்தன. குரங்குகளோடு கூண்டுகளை ஏற்றி வந்த லாரி ஒன்று உள்ளே போக வழியில்லாமல் சாலையில் நின்றிருந்தது.

தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கினார். சமாதியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கையில் ஆக்கிரமிப்பு அகற்றும் உத்தரவு இருந்தது. அதை அக்குளில் வைத்துக்கொண்டு, குனிந்து, செருப்பைக் கழற்றினார். வழக்கு அங்கேயே முடிந்தது.

இந்தத் தடவை என் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. கிணறு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நான் எழுதியிருந்தேன். இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தது. பிறகு வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. அங்கே எந்தக் குரங்கும் உரிய நேரத்தில் சாகவில்லை போலிருக்கிறது, பண்ணை நடந்ததாகக் கேள்வி. போகிற அவசரத்தில், ஏற்கெனவே லாரியில் வந்திருந்த சில கூண்டுகளைத் திறந்து குரங்குகளை வெளியே விட்டுவிட்டுப் போனார்கள். ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டார்கள். கன்னியப்பனின் கிணற்றில் தண்ணீர் பழையபடி ஏறியது. நான் அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

கிணறு தப்பியது. கூண்டிலிருந்து வந்த குரங்குகள் மனிதர் கையிலிருந்து சாப்பிட்டுப் பழகியவை, யாருக்கும் பயப்படாதவை. அவை குன்றுக் குரங்குகளோடு சேர்ந்துகொண்டன. வெடி போடுவதற்கோ கன்னியப்பனுக்கு வழியில்லை. ஊர் கூடி அவரையே சமாதிக் கோயிலுக்குத் தர்மகர்த்தா ஆக்கிவிட்டிருந்தது. அவர்தானே சாமியின் மனசைப் புரிந்துகொண்டவர். தர்மகர்த்தா சாமியின் மேல் வெடி போட முடியாது. மல்லாட்டையை விட்டுவிட்டு மிளகாய் போட ஆரம்பித்தார்.

8

வசந்த காலத்தில் நகராட்சி தீர்ப்புச் சொன்னது. அனுமதி மறுக்கப்பட்டது. காரணம், பாலம். தேன்மொழி வரைந்த படத்தை அறிக்கையோடு இணைத்திருந்தார்கள். தேவாலயக் கூடத்தில் மறுபடி தேநீர், மறுபடி கேக். கசாப்புக் கடைக்காரர் அவள் தோளைத் தட்டி, "உன் லாரிதான் ஜெயித்தது" என்றார். அவள் நன்றி சொன்னாள். கேக்கைத் தொடவில்லை. அடுத்த மாதமே கம்பெனி அகலமான சாலை உள்ள வேறொரு ஊரில் இடம் பார்த்துவிட்டது என்ற செய்தியை எங்கள் பத்திரிகைதான் வெளியிட்டது, காணாமல் போன பூனைகளுக்கு மேலே.

"அந்தக் கிணற்றை நான் காண விரும்புகிறேன்" என்றாள் தேன்மொழி, அந்தச் செய்தி வந்த இரவு சாப்பாட்டின்போது.

ஆகஸ்ட் விடுமுறையில் போனோம். கன்னியப்பனுக்கு முடி நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. கிணற்றைக் காட்டினார். தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி நின்றது. கிணற்றை ஒட்டி ஒரு சிறு துண்டு நிலத்தில், இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக மல்லாட்டை போட்டிருந்தார். தண்ணீர் இருக்கும் தைரியத்தில் முன்கூட்டியே விதைத்தது. சுற்றிலும் முள் அடைத்திருந்தார். சரோஜா ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து, "காய் புடிச்சிருக்குண்ணா" என்றாள். இன்னும் கொஞ்ச நாளில் முற்றிவிடும்.

முள்வேலிக்கு அப்பால் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அவையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று வேலியைத் தாண்டி உள்ளே குதித்தது. பின்னாலேயே இன்னொன்று.

"மாமா, நீங்கள் இவற்றை விரட்டுவதில்லையா?" என்றாள் தேன்மொழி.

"நான் எப்டிம்மா விரட்டறது? தர்மகர்த்தா ஆச்சே." சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே சமாதிக் கோயில் வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு வெடியையும் தீப்பெட்டியையும் எடுத்து, மறைவாக அவள் கையில் திணித்தார். "நீ வெளியூர்ப் பொண்ணு. தெரியாம செஞ்சிட்டன்னு வுட்டுடுவாங்க. சும்மா சத்தத்துக்குத்தான். கொரங்கு மேல போடாத, தூரமாப் போடு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அட்டை பிடித்த கை. அவள் வெடியைப் பார்த்தாள், குரங்குகளைப் பார்த்தாள், பிடுங்கிப் போட்டிருந்த செடியைப் பார்த்தாள், பிறகு அவள் மாமாவைப் பார்த்தாள்.

"அவற்றிற்கு வலிக்காதே?"

"எனக்குத்தாம்மா வலிக்குது."

அவள் நெடுந்தூரம் நடந்துபோய், வரப்பின் அந்தக் கோடியில், குரங்கே இல்லாத இடமாகப் பார்த்து வைத்து, பற்றவைத்துவிட்டு ஓடிவந்தாள். வெடித்தது. குன்றில் பட்டு எதிரொலித்தது.

நிலத்தில் இருந்த இரண்டும் தலை தூக்கிப் பார்த்தன. வேலிக்கு வெளியே இருந்தவை எழுந்தன. குன்றின் பாறைகளிலிருந்து, புளியமரத்திலிருந்து, பழைய பண்ணைச் சுவரின் மேலிருந்து, குட்டிகளை வயிற்றில் இடுக்கிக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, எல்லாத் திசைகளிலிருந்தும் குரங்குகள் எங்களை நோக்கி வர ஆரம்பித்தன. ஓடவில்லை. பந்திக்கு வருகிறவர்களைப்போல நிதானமாக வந்தன.

கன்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மறந்தே போயிட்டன் மாப்ள. சனிக்கெழம வேண்டுதல்காரங்க கோயில்ல வெடி போட்டுட்டுத்தான் கொரங்குக்கு வாழப்பழம் வெப்பாங்க."

முதல் குரங்கு தேன்மொழியின் எதிரில் வந்து உட்கார்ந்து கையை நீட்டியது. அவள் இரண்டு கையையும் விரித்து ஒன்றுமில்லை என்று காட்டினாள். அது நம்பவில்லை.